சித்தாள்: ஒரு சொல்லின் கூலி வரலாறு

அண்ணனூரில் நமது சிறிய வீட்டின்மேல் ஒரு தளம் எழுப்பிய ஏழு மாதமும் நாம் ஒரு கணக்கு நோட்டு வைத்திருந்தோம். மேஸ்திரி சொன்னபடியே அதில் கோடு கிழித்துப் பத்தி பிரித்தோம். கொத்தனார், பெரியாள், சித்தாள் என மூன்று பத்திகள். மாலைதோறும் எத்தனை பேர் வந்தனர் என்று எண்ணால் குறிப்போம். சனிக்கிழமையில் பெருக்கிக் கூட்டிப் பணம் தருவோம். கொத்தனாருக்கு நாளொன்றுக்கு 1100 ரூபாய், பெரியாளுக்கு 900, சித்தாளுக்கு 650. பெரியாள் என்பவர் ஆண், சித்தாள் என்பவர் பெண். இருவரும் செங்கல் சுமந்தனர். இருவரும் கலவை குழைத்தனர். ஒரே நேரத்தில் வந்து ஒரே நேரத்தில் கைகால் கழுவிக்கொண்டு புறப்பட்டனர். தமிழ் இலக்கியம் கற்பிப்பதையே பிழைப்பாகக் கொண்ட நமக்கு அப்பத்தித் தலைப்புகளின் இலக்கணம் தெரியும். அவற்றின் பொருளாதாரம் குறித்து அவ்வேழு மாதத்தில் ஒரு கேள்வியும் நாம் எழுப்பவில்லை என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறோம்.

சிறுமையும் ஆளும் புணர்ந்து சிற்றாள். சிற்றப்பன் பேச்சுவழக்கில் சித்தப்பன் ஆனதுபோலச் சிற்றாள் சித்தாள் ஆயிற்று. சொல்லில் பால் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். கொத்தனாருக்கு எடுபிடியாக வரும் பையனும் சிற்றாளே. ஆனால் பையன் ஒருநாள் பெரியாள் ஆகிறான். அதன்பின் கரணை பிடிக்கப் பழகிக் கொத்தனாரும் ஆகிறான். பெண் மட்டும் அப்பத்தியிலேயே தங்கிவிட்டாள். காலப்போக்கில் அச்சொல்லும் அவளிடமே தங்கிவிட்டது. ஜெயகாந்தன் தம் கதைக்குச் ‘சினிமாவுக்குப் போன சித்தாளு’ என்று பெயர் வைத்தபோது, போனவள் ஒரு பெண் என்று சென்னை வாசகருக்குத் தனியே சொல்ல வேண்டிய தேவை இருக்கவில்லை.

‘ஆள்’ என்ற சொல்லும் சற்றே சிக்கலானது. நற்றிணையில் கபிலர் மலைமேல் தவழும் வெண்மேகத்திற்கு நூலை உவமையாக்குகிறார். அந்நூலை நூற்றவர்கள் ஆள் இல்லாத பெண்டிர். அங்கே ஆள் என்றால் துணையாகிய ஆண். புறநானூற்றிலும் பருத்திப் பெண்டு ஒருத்தி வருகிறாள். கணவனை இழந்தோ துணையின்றியோ இருந்த பெண்கள் நூல் நூற்றுப் பிழைத்தனர் என்பதற்கு இவற்றை உரையாசிரியர்களும் வரலாற்றாசிரியர்களும் சான்று காட்டுவர். வேலை செய்பவர் என்பதற்கும் ஆண் என்பதற்கும் ஒரே சொல்லை வைத்துக்கொண்ட மொழியில், பெண் வேலைக்கு வந்தபோது அவளை முழு ஆளாக எண்ணுவதில் தயக்கம் இருந்ததோ என்று கேட்கத் தோன்றுகிறது. இக்கேள்வியை மிகையாக இழுக்க நாம் விரும்பவில்லை. சொல்லாராய்ச்சியைக் கொண்டு கூலியை விளக்கிவிடலாம் என்பது நம்மைப் போன்ற தமிழாசிரியர்களுக்கே உரிய மயக்கம்.

பெண்களின் ஊதியம் எழுத்தில் பொறிக்கப்பட்ட மிக விரிவான பட்டியலொன்று தஞ்சைப் பெரிய கோயிலில் இருக்கிறது. இராசராசன் பல ஊர்த் தளிச்சேரிகளிலிருந்து அழைத்து வந்து குடியமர்த்திய 400 பெண்களுக்கும் ஆளுக்கொரு வீடும் ஒரு பங்கும் வழங்கப்பட்டன. ஒரு பங்கு என்பது ஆண்டுக்கு நூறு கலம் நெல். அவர்களை ஆட்டுவித்த நட்டுவனாருக்கு இரண்டு பங்கு. நம் சோழப் பெருமிதக் கட்டுரைகளில் நானூறு என்ற எண் தவறாமல் வரும். இரண்டு என்ற எண் அரிதாகவே வரும். எனினும் நியாயமாகச் சொல்ல வேண்டுமானால், அக்கல்வெட்டு ஆணுக்கு இவ்வளவு, பெண்ணுக்கு இவ்வளவு என்று பேசவில்லை. பணிக்கு இவ்வளவு என்றே பேசுகிறது. ஆடுவது ஒரு பணி, ஆட்டுவிப்பது வேறொரு பணி. எந்தப் பணி யாருக்கு என்பது கல்லில் வெட்டப்படுவதற்கு முன்பே முடிவாகிவிட்டிருந்தது. இதை மனத்தில் வைத்துக்கொண்டு எட்டு நூற்றாண்டுகளைத் தாண்டி நமது ஊருக்கே வருவோம்.

அண்ணனூரை வெளியூரார் அறிந்திருப்பது மின்தொடர்வண்டிகள் நிற்கும் கார் ஷெட்டினால்தான். அதையொட்டிச் செல்லும் தடம் தென்னிந்தியாவின் முதல் பயணியர் இருப்புப்பாதை. 1856 ஜூலை 1 அன்று இராயபுரத்திலிருந்து வாலாஜா சாலைக்குப் போன முதல் வண்டி திருமுல்லைவாயிலையும் ஆவடியையும் இவ்வழியாகத்தான் கடந்தது. அக்காலத்து இருப்புப்பாதை வேலைகளில் குடும்பம் குடும்பமாக வந்து மண்வேலை செய்தனர். ஆண் வெட்டுவான், பெண் கூடையில் சுமந்துபோய்க் கரையில் கொட்டுவாள். மண்வெட்டி ஒருவர் கையிலும் கூடை இன்னொருவர் தலையிலும் இருந்த இந்த ஏற்பாடு வீட்டுக்குள் நடந்த ஏற்பாடுதான். அரசு அதைக் கூலி அட்டவணையாக மாற்றியது பஞ்ச காலத்தில்.

1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைத் தின்ற தாது வருடப் பஞ்சத்தில் நிவாரண வேலைகள் திறக்கப்பட்டன. பக்கிங்காம் கால்வாயின் ஒரு பகுதி அவ்வேலைகளில் வெட்டப்பட்டதே. செலவைக் குறைக்க அனுப்பப்பட்ட ரிச்சர்டு டெம்பிள், ஒரு நாள் உழைப்புக்கு ஒரு பவுண்டு தானியமும் சில்லறைக் காசும் போதும் என்றார். மாகாண சுகாதார ஆணையர் கார்னிஷ், அது உயிர் தாங்கப் போதாது என்று எழுதி எழுதிப் போராடினார். அந்த விவாதம் புகழ்பெற்றது. அதே அட்டவணையில் ஆண், பெண், சிறார் என்று மூன்று படிகள் இருந்தன என்பதும் பெண்ணின் படி ஆணின் படிக்குக் கீழே இருந்தது என்பதும் விவாதத்திற்கே வரவில்லை. பசி இருவருக்கும் வேறு வேறு அளவினது என்று வைத்துக்கொண்டார்கள் போலும்.

இதன் அடுத்த கட்டம்தான் நம்மைச் சிந்திக்க வைக்கிறது. அந்நூற்றாண்டு முடிவதற்குள் பஞ்ச விதிகளின் மொழி மாறியது. ஆண், பெண் என்ற வகைப்பாட்டின் இடத்தில் மண் வெட்டுவோர், மண் சுமப்போர் என்ற வகைப்பாடு வந்தது. வெட்டுவோருக்கு ஒரு கூலி, சுமப்போருக்கு அதனினும் குறைந்த கூலி. தாளில் பார்த்தால் பாலினப் பாகுபாடு மறைந்துவிட்டது. களத்தில் வெட்டியவன் யார், சுமந்தவள் யார் என்பதில் மாற்றம் ஏதுமில்லை. பெரியாளும் சித்தாளும் இப்படித்தான் அரசாங்க ஏட்டில் ஏறினர்.

கடலுக்கு அப்பால் இலங்கையின் மலையகத்தில் இந்தத் தந்திரம்கூடத் தேவைப்படவில்லை. தமிழ்நாட்டிலிருந்து சென்ற தோட்டத் தொழிலாளருக்குக் குறைந்தபட்சக் கூலி நிர்ணயிக்கும் சட்டம் 1927இல் வந்தது. 1929இல் நடைமுறைக்கு வந்த விகிதப்படி உயர்மலைத் தோட்டங்களில் ஆணுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம், சிறாருக்கு 32 சதம். பாதுகாப்புச் சட்டமே ஏறத்தாழ ஐந்தில் நான்கு என்ற கணக்கைப் பெண்ணுக்கு எழுதிவைத்தது. தேயிலைக்கு விலை கொடுப்பது கொழுந்து; கொழுந்தைப் பறிப்பவள் பெண். கவ்வாத்து வெட்டும் ஆண் தனக்குரிய அளவை முடித்துப் பிற்பகலிலேயே லயத்திற்குத் திரும்பிவிடுவதுண்டு. பெண் மாலை நிறுவை வரை மலையில் நிற்பாள். நாள் வேலையை மலையகத்தார் ‘பேர்’ என்பர். நிர்ணயித்த நிறைக்குக் கொழுந்து சேராவிட்டால் அவளுக்கு விழுவது அரைப்பேர். கூலிக்கும் பெயருக்கும் உள்ள உறவை இதைவிடக் கூர்மையாகச் சொல்லும் சொல்லைத் தமிழில் நாம் கண்டதில்லை. அவளுடைய சம்பளத்தைக் கணவனோ தகப்பனோ சென்று வாங்கிவரும் வழக்கமும் நெடுங்காலம் நீடித்தது. 1984 ஏப்ரலில் தோட்டத் தொழிற்சங்கங்கள் சேர்ந்து நடத்திய வேலைநிறுத்தத்திற்குப் பின்னரே ஆண் பெண் நாட்கூலி சமமாயிற்று. அரை நூற்றாண்டுக்கு மேல் அந்தப் பதினொரு சத வேறுபாடு சட்டத்தின் நிழலில் வாழ்ந்திருக்கிறது.

54க்கு 43 என்றால் நூற்றுக்கு ஏறத்தாழ எண்பது. நமது அண்ணனூர் நோட்டில் 900க்கு 650; நூற்றுக்கு எழுபத்திரண்டு. ஒரு வீட்டின் கணக்கை ஒரு நாட்டின் விகிதத்தோடு ஒப்பிடுவது புள்ளியியல் ஆகாது என்பதை அறிவோம். ஆயினும் அந்த வகுத்தலைச் செய்து பார்த்த இரவில் நமக்கு உறக்கம் பிடிக்கவில்லை.

இனிச் சட்டத்தின் பக்கம் வருவோம். இந்திய அரசியலமைப்பின் 39ஆம் உறுப்பு, ஆணுக்கும் பெண்ணுக்கும் சம வேலைக்குச் சம ஊதியம் என்பதை அரசின் நெறிமுறைகளுள் ஒன்றாக வைத்தது. பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 1951ஆம் ஆண்டு உடன்படிக்கை இன்னும் ஒரு படி மேலே சென்று, சம மதிப்புள்ள வேலைக்குச் சம ஊதியம் என்றது. இந்தியா அதை 1958இல் ஏற்றது. சட்டம் இயற்ற மேலும் பதினேழு ஆண்டுகள் ஆயின. பன்னாட்டு மகளிர் ஆண்டான 1975இல் அவசரச் சட்டமும், 1976இல் சம ஊதியச் சட்டமும் வந்தன. சட்டத்தில் இடம்பெற்ற சொற்கள், ஒரே வேலை அல்லது ஒத்த தன்மையுள்ள வேலை. மதிப்பு என்ற சொல் வழியிலேயே தவறி விழுந்துவிட்டது. இலக்கணம் கற்றவர்களுக்கு இவ்வேறுபாட்டை விளக்க வேண்டியதில்லை. வேலை ஒத்திருக்கிறதா என்று கேட்டால் கரணை பிடிப்பவரும் பாண்டு சுமப்பவரும் ஒருநாளும் சமமாக மாட்டார்கள். இவ்வேலையின் மதிப்பு என்ன, அதை யார் அளந்தார் என்று கேட்டால்தான் பேச்சு தொடங்கும்.

ஒத்த வேலை என்று மறுக்க இயலாத இடங்களில் அச்சட்டம் பயன்பட்டது உண்மை. பம்பாயில் மெக்கின்னன் மெக்கன்சி நிறுவனத்தில் பெண் சுருக்கெழுத்தாளருக்கு ஆண் சுருக்கெழுத்தாளரைவிடக் குறைவாகத் தரப்பட்டது தவறென்று 1987இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கட்டடத் தொழிலைத் தொட்ட தீர்ப்பு அதற்கும் முந்தியது. தில்லி ஆசிய விளையாட்டுப் போட்டிக்காக அரங்குகளும் மேம்பாலங்களும் எழுந்துகொண்டிருந்தபோது அங்கே வேலை செய்தவர்கள் சார்பில் ஒரு குடியுரிமை அமைப்பு உச்ச நீதிமன்றத்திற்குக் கடிதம் எழுதியது. 1982 செப்டம்பரில் நீதிபதி பகவதி எழுதிய தீர்ப்பில் காணும் கணக்கு இது. குறைந்தபட்சக் கூலி நாளொன்றுக்கு 9 ரூபாய் 25 காசு. ஆணிடம் ஜமேதார் ஒரு ரூபாய் பிடித்துக்கொண்டு 8.25 தந்தார். பெண்ணுக்குக் கிடைத்தது 7 ரூபாய். ஆணிடம் ஒரு ரூபாய் திருடலாம், பெண்ணிடம் இரண்டே கால் ரூபாய் திருடலாம் என்ற வழக்கம் எங்கிருந்து வந்தது என்பதை எந்த நீதிமன்றமும் ஆராய முடியாது. அது நமது நோட்டுகளிலிருந்து வந்தது.

வேலைக்குப் பெயர் சூட்டும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது என்பதற்கு இங்கிலாந்தின் டேகன்ஹாம் நல்ல எடுத்துக்காட்டு. 1968 ஜூனில் அங்கிருந்த போர்டு கார் தொழிற்சாலையில் இருக்கை உறை தைத்த 187 பெண்கள் வேலைநிறுத்தம் செய்தனர். அவர்களது தையல் திறன் குறைந்த வேலைக்குரிய ‘பி’ பிரிவில் வைக்கப்பட்டிருந்தது. அப்பிரிவிலும் ஆண் பெறுவதில் 85 விழுக்காடே அவர்களுக்கு. தையல் தெரியாதவரை அந்த ஆலை வேலைக்கு எடுப்பதில்லை, ஆனால் தையல் ஒரு திறன் அன்று! மூன்று வாரத்தில் ஆலை நின்றது. கூலி 92 விழுக்காடாக உயர்ந்தது. 1970இல் பிரிட்டனின் சம ஊதியச் சட்டம் பிறந்தது. வரலாற்று நூல்களும் திரைப்படமும் இதை வெற்றியாகக் கொண்டாடுகின்றன. அப்பெண்கள் கேட்டதோ வேறு. தம் வேலை திறனுள்ள வேலை என்று ஏட்டில் எழுதப்பட வேண்டும் என்றுதான் அவர்கள் கேட்டனர். அது கிடைக்க மீண்டும் ஒரு வேலைநிறுத்தமும் 1984ஆம் ஆண்டும் தேவைப்பட்டன. பதினாறு ஆண்டுகள்.

தையலைப் பற்றிய இக்கதை அண்ணனூருக்கு அயலானதன்று. நமக்கு மேற்கே ஆவடி. 1955 ஜனவரியில் காங்கிரசு மாநாடு கூடிச் சோசலிச பாணிச் சமுதாயமே இலக்கு என்று தீர்மானம் போட்ட ஊர். பின்னர் ஊரார் ‘டேங்க் பேக்டரி’ என்று அழைக்கும் கனரக வாகன ஆலையும், படையினருக்குச் சீருடை தைக்கும் ஆலையும் அங்கே வந்தன. சீருடை ஆலை 1961இல் தொடங்கியது. 2021 முதல் அரசு நிறுவனமொன்றின் கீழ் இயங்குகிறது. மைய அரசின் ஊதிய விகிதத்தில் பதவிக்குத்தான் சம்பளம். கிழக்கே அம்பத்தூர். அங்குள்ள ஏற்றுமதி ஆடை ஆலைகளில் எந்திரத்தின் முன் அமர்ந்திருப்போர் பெரும்பாலும் பெண்கள். துணியை வெட்டும் மாஸ்டர்களோ பெரும்பாலும் ஆண்கள். காலை எட்டு மணிக்குமுன் அண்ணனூர் நடைமேடையில் நிற்பவர்களுள் இரு திசைக்கும் போகிறவர்கள் உண்டு. கிழக்கே போகிறவளின் கூலியை நிர்ணயிப்பது தமிழக அரசு தையல் தொழிலுக்கென வெளியிடும் குறைந்தபட்சக் கூலி. ஐந்தாண்டுக்கு மேற்படாமல் அது திருத்தப்பட வேண்டும் என்பது சட்டம். 2004க்குப் பின் 2014இல்தான் திருத்தம் வந்தது. ஆலை உரிமையாளர்கள் வழக்குத் தொடுத்தனர். 2016 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் திருத்தத்தை உறுதிசெய்து நிலுவையையும் தரச் சொன்னது. இங்கே ஆணோடு ஒப்பிட ஆணே இல்லை. ஒரு தொழில் முழுவதும் பெண்களுடையதாகிவிட்டால் சம ஊதியச் சட்டம் சொல்வதற்கு ஒன்றுமில்லை. கூலி உயராமல் நிற்பது மட்டுமே நிகழும்.

கிளாடியா கோல்டின் 2023இல் பொருளியல் நோபல் பெற்றபோது, வளர்ந்த நாடுகளில் இன்றைய ஊதிய இடைவெளியின் பெரும்பகுதி ஒரே தொழிலுக்குள், முதல் குழந்தைக்குப் பின் திறப்பது என்ற அவரது முடிவு நம் நாளிதழ்களிலும் பேசப்பட்டது. மதிப்புமிக்க ஆய்வு. கல்லூரி ஆசிரியர்களாகிய நமக்கு அது பொருந்தவும் கூடும். கட்டடத் தொழிலிலோ இடைவெளி இன்னும் இரு பத்திகளுக்கு நடுவே ஓடும் கோட்டில்தான் இருக்கிறது. 2019இல் நிறைவேறி 2025 நவம்பரில் நடப்புக்கு வந்த ஊதியச் சட்டத் தொகுப்பு, 1976ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தை எடுத்துக்கொண்டது. அதிலும் ஒரே வேலை, ஒத்த வேலை என்ற அளவுகோலே தொடர்கிறது.

அந்தக் கோட்டைக் கடக்கத் திறன் தடையா? ஜார்க்கண்டில் கழிப்பறைகள் கட்டப் பயிற்சி பெற்ற பெண்கள் ‘ராணி மிஸ்திரி’ என்ற பெயரோடு கொத்தனாராயினர். கேரளத்தில் குடும்பஸ்ரீ பெண்கள் முழு வீடுகளையே கட்டி முடித்தனர். தமிழ்நாட்டிலோ 1994இல் கட்டுமானத் தொழிலாளர் நல வாரியம் முன்னோடியாகத் தோன்றியும், சித்தாளின் தலையில் சும்மாடு அப்படியே இருக்கிறது.

நமது வீட்டிலேயே ஒரு சான்று உண்டு. மாடியில் தண்ணீர்த் தொட்டி மேடைக்குப் பூச்சு பூச வேண்டிய நாளில் கொத்தனார் வரவில்லை. ஊரில் ஒரு துக்கம். கலவை குழைத்தாயிற்று, வீணாகிவிடும். அன்று வந்திருந்த சித்தாள் ஐம்பதை நெருங்கும் அம்மா. கரணையை எடுத்துக்கொண்டு ஏறினார். ரசமட்டம் வைத்துப் பார்த்து, மணியாசுக்கட்டையால் தேய்த்து, மாலைக்குள் நான்கு பக்கமும் முடித்துவிட்டார். எங்கே கற்றீர்கள் என்று கேட்டோம். “இருபத்தஞ்சு வருசமா பக்கத்துல நின்னு பாக்கறேன் சார், கை வராதா?” என்றார். நாம் வியந்து பாராட்டினோம். பிறகு நோட்டை எடுத்துச் சித்தாள் பத்தியில் ஒன்று என்று எழுதினோம். சனிக்கிழமை 650 ரூபாய் வீதமே கணக்குத் தீர்த்தோம். டேகன்ஹாம் பெண்களைப் பற்றி வகுப்பில் சொல்லக் குறிப்பெடுத்த நாளில்தான், பல வாரங்கள் கழித்து, அந்த ‘ஒன்று’ நினைவுக்கு வந்தது.

மேஸ்திரியிடம் பேசினோம். அவர் நல்ல மனிதர். “நீங்க ஒரு நாள் குடுத்துருவீங்க சார். அந்த ரேட்டைச் சொல்லிட்டு இவங்க நாளைக்கு வேற சைட்டுக்குப் போனா யாரு கூப்புடுவாங்க? அதுக்கு நான் ஒரு பெரியாளையே வெச்சுக்குவேனே” என்றார். ஒரு நூற்றாண்டுச் சட்ட விவாதத்தின் எதிர்த்தரப்பு வாதம் அது. அவர் அதை எங்கும் படிக்கவில்லை.

கைப்பிடிச் சுவர் வேலைக்கு அவர் மீண்டும் வந்த வாரத்தில், அவ்வாரக் கூலியோடு, பூச்சு பூசிய நாளுக்குரிய மீதி 450 ரூபாயையும் சேர்த்து அவர் கையில் கொடுத்தோம். படியில் அமர்ந்து இருமுறை எண்ணினார். நானூற்றைம்பதைத் தனியே பிரித்து நமது மேசைமேல் வைத்துவிட்டு, “கணக்கு தப்பாயிருக்கு சார், கூட வந்துருச்சு” என்றார். அது பிழையன்று என்று அவருக்கு விளங்கவைக்க நமக்கு நெடுநேரம் பிடித்தது.